அணை காத்த அறிஞர் விசுவேசுவரய்யா

அணை கட்டியவர்களை நாடு நினைவில் வைத்திருக்கிறது. கட்டிய அணை உடையாமலிருக்க வழி சொன்னவர்களை அவ்வளவாக நினைப்பதில்லை. உடையாத அணைக்குச் செய்தித்தாளில் இடம் ஏது? மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா இந்த இரண்டு பணிகளையும் செய்தவர். கிருஷ்ணராஜசாகரைக் கட்டியவர் என்று அவரைப் பள்ளிப் பாடத்தில் படித்தோம். அவர் பிறந்த செப்டம்பர் 15-ஆம் நாளைப் பொறியாளர் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அவர் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படித்தபோது என் மனத்தில் ஆழப் பதிந்தது வேறொரு செய்தி. ஓர் அணையின் பாதுகாப்பும், அதற்குக் கீழே வாழும் நகரத்தின் பாதுகாப்பும் அந்த அணையின் கரையோடு முடிந்துவிடுவதில்லை. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்திருக்கின்றன என்பதே அது. அவருடைய வாழ்வில் இந்த உண்மை இருமுறை வெளிப்பட்டது. முதல்முறை அதைக் கண்டறிந்தவர் அவர். இரண்டாம் முறை அது வெளிப்பட்டபோது அவர் நூறு வயதை நெருங்கிய முதியவர்.

இளமையும் கல்வியும்

மைசூர் சமஸ்தானத்தில் சிக்கபள்ளாப்பூருக்கு அருகிலுள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் 1861-ஆம் ஆண்டு விசுவேசுவரய்யா பிறந்தார். தந்தை சீனிவாச சாஸ்திரி வடமொழி கற்றவர், செல்வர் அல்லர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த விசுவேசுவரய்யா, பெங்களூரில் மாமன் ஆதரவில் தங்கிப் படித்தார். சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் படிப்புச் செலவுக்கு வழி தேடிக்கொண்டார்.

பெங்களூர் மத்தியக் கல்லூரி அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அங்கு 1881-இல் அவர் பி.ஏ. பட்டம் பெற்றார். கலைக் கல்லூரி மாணவர்களாகிய நாம் இதைக் கவனிக்கவேண்டும். பின்னாளில் பொறியியலுக்கே அடையாளமாக விளங்கியவர் முதலில் நம்மைப் போலவே பி.ஏ. படித்தவர்தாம். பிறகு மைசூர் அரசின் உதவித்தொகை பெற்றுப் பூனா அறிவியல் கல்லூரியில் பொறியியல் பயின்று, 1883-இல் முதன்மையாகத் தேறினார். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார். சிந்து மாநிலத்தில் சுக்கூர் நகருக்குக் குடிநீர்த் திட்டம் அமைத்துக் கொடுத்தது முதல் அவருடைய பெயர் வெளியே தெரியலாயிற்று.

தானே திறக்கும் கதவு

பூனா நகருக்கு அருகே முத்தா ஆற்றின் குறுக்கே கடக்வாசலா அணை உள்ளது. அதன் நீர்த்தேக்கத்துக்கு ஃபைஃப் ஏரி என்று பெயர். நகரத்தின் குடிநீருக்கும் கால்வாய்ப் பாசனத்துக்கும் அதுவே ஆதாரமாக இருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதன் கலங்கலுக்கு மேல் ஆறு அடி முதல் எட்டு அடி வரை தண்ணீர் எழும்பி வழிந்து, வீணாக ஆற்றோடு போய்விடும். மழைக்காலம் முடிந்ததும் தேவைக்கு நீர் போதாது. அந்த எட்டு அடி நீரையும் பிடித்து வைத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது.

ஏரிப் பாசன ஊரில் வளர்ந்தவன் நான். கலங்கலில் நட்ட கற்களுக்கு இடையே பலகை செருகி, மண் வைத்து அடைத்து, இன்னும் ஒரு முழம் தண்ணீரைத் தேக்கும் வழக்கம் எங்களுக்குப் புதிதன்று. அதிலுள்ள ஆபத்தும் தெரிந்ததே. நள்ளிரவில் பெருமழை கொட்டும்போது யாராவது ஓடிப்போய்ப் பலகையைப் பிடுங்க வேண்டும். ஆள் வரத் தவறினால் கரை போய்விடும்; கரை போனால் ஊரும் போய்விடும். அணைக்கு இரண்டு கடமைகள் உண்டு. தேவைப்படும் நாளுக்காக நீரைப் பிடித்து வைக்கவேண்டும். ஆபத்து வரும் நாளில் அதை விட்டுவிடவேண்டும். ஒன்றை மிகுதியாகச் செய்தால் மற்றொன்று கெடும்.

இந்த முரண்பாட்டுக்கு விசுவேசுவரய்யா கண்ட விடைதான் தானியங்கிக் கதவு. கலங்கலின் மேல் எதிர் எடைகளால் சமன் செய்யப்பட்ட கதவுகளை அவர் வடிவமைத்தார். நீர் குறித்த மட்டத்தை எட்டும்வரை கதவுகள் மூடியே இருக்கும். அம்மட்டத்தைத் தாண்டினால், ஏறிவரும் நீரே அந்தச் சமநிலையை மாற்றிக் கதவுகளைத் திறந்துவிடும். மிகுநீர் வடிந்து மட்டம் இறங்கியதும் அவை மறுபடி மூடிக்கொள்ளும். இடையில் மனிதன் கை வைக்கவேண்டிய தேவையே இல்லை. 1903-இல் இக்கதவுகள் கடக்வாசலாவில் பொருத்தப்பட்டன. அணையின் உயரத்தைக் கூட்டாமலே ஏரியின் கொள்ளளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெருகியது.

இந்த அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஆயினும் அரசுப் பணியில் இருந்தபோது செய்த வேலைக்குத் தனியாகப் பணம் பெறுவது முறையன்று என்று கருதி, உரிமைத் தொகையை ஏற்க மறுத்துவிட்டார்.

எனக்கு இதில் வியப்பாகத் தோன்றுவது இயந்திர நுட்பம் மட்டுமன்று. காவலாள் உறங்கிவிடலாம், உத்தரவு வந்து சேர நேரமாகலாம் என்பவற்றை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொண்ட அந்த மனப்பாங்குதான். மனிதன் தவறுவான் என்று எதிர்பார்த்து, அத்தவறு பேரழிவாக முடியாதபடி அமைப்பை உருவாக்குவதே பாதுகாப்புப் பொறியியலின் அரிச்சுவடி. அந்தப் பாடம் நூல்களில் இடம் பெறுவதற்கு முன்பே விசுவேசுவரய்யா அதை இரும்பில் எழுதிக் காட்டினார்.

மூசி நதியின் சீற்றம்

ஐதராபாத் நகரின் நடுவே ஓடும் மூசி, ஆண்டின் பெரும்பகுதி மெலிந்து கிடக்கும் ஆறு. 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் அது நகரத்தையே வாரிக்கொண்டு போயிற்று. நீர்ப்பிடிப்புப் பகுதியிலுள்ள ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குல மழை பதிவாயிற்று. அப்சல், முசல்லம் ஜங், சாதர்காட் என்ற மூன்று பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பழைய பாலமாகிய புரானாபுல் மட்டுமே எஞ்சி நின்று, நகரின் இரு பகுதிகளையும் இணைத்தது. இறந்தவர்கள் சுமார் 15,000 பேர் என்று பொதுவாகக் குறிப்பிடுகின்றனர். அப்சல்கஞ்ச் மருத்துவமனை வளாகத்தில் இருந்த ஒரு புளியமரத்தில் ஏறி ஏறக்குறைய 150 பேர் உயிர் தப்பினர். அந்த மரத்தை ஐதராபாத் மக்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள்.

அப்போது விசுவேசுவரய்யா பம்பாய்ப் பணியிலிருந்து ஓய்வுபெறும் முடிவோடு ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்தார். நகரத்தைச் சீரமைக்கவும், இனி ஒருமுறை இவ்வாறு நிகழாமல் தடுக்கவும் ஆலோசனை கூறவேண்டும் என்று நிஜாம் அரசு அவரை அழைத்தது. 1909-இல் அவர் ஐதராபாத் வந்து சேர்ந்தார்.

ஏரிச் சங்கிலி சொன்ன பாடம்

வேறொருவராக இருந்தால், வெள்ளம் புகுந்த இடத்தில் உயரமாகச் சுவர் எழுப்பச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். விசுவேசுவரய்யா நகரத்தோடு நிற்கவில்லை. ஆற்றின் மேற்பகுதியை அளக்கச் செய்தார். மழைப் பதிவுகளைத் திரட்டினார். நகரத்துக்கு மேலே சுமார் 860 சதுர மைல் பரப்பில் 788 ஏரிகள் இருந்தன. ஏறத்தாழ ஒரு சதுர மைலுக்கு ஓர் ஏரி. பல நூற்றாண்டுகளாக மக்கள் கட்டி வைத்த செல்வம் அது. அந்த 788-இல் 221 ஏரிகள் அப்பெருமழையில் உடைந்திருந்தன.

இங்கேதான் பாடம் இருக்கிறது. ஏரிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சங்கிலி போல அமைந்திருக்கும். மேல் ஏரியின் உபரி கீழ் ஏரிக்கு வரும். அளவாக மழை பெய்யும் ஆண்டுகளில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. ஆனால் மேல் ஏரி உடைந்தால், அதில் தேங்கியிருந்த நீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழ் ஏரியின் மேல் விழுகிறது. அந்தக் கீழ் ஏரியின் கலங்கல் மழைநீருக்காகக் கணக்கிட்டு அமைத்ததே தவிர, இன்னோர் ஏரியை விழுங்குவதற்காக அமைத்தது அன்று. ஆகவே அதுவும் உடைகிறது. இரண்டு ஏரி நீரும் சேர்ந்து மூன்றாவதன் மேல் பாய்கிறது. இப்படி மழை வெள்ளத்தோடு உடைப்பு வெள்ளமும் சேர்ந்து, மூசியில் நொடிக்கு சுமார் 4,25,000 கன அடி நீர் பாய்ந்தது என்று மதிப்பிடப்பட்டது. நன்மைக்காகக் கட்டிய ஏரிகளே அன்று நகரத்துக்கு எதிரியாக மாறின.

நோய் இன்னதென்று தெரிந்தபின் மருந்தும் அதற்கேற்ப அமைந்தது. நகரத்துக்கு மேலே மூசியிலும், அதன் துணையாறாகிய ஈசியிலும் இரண்டு பெரிய நீர்த்தேக்கங்களை அமைத்து, வெள்ளத்தை அங்கேயே தடுத்து நிறுத்தி, ஆறு தாங்கக்கூடிய அளவில் சிறிது சிறிதாகக் கீழே விடவேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். நகருக்குள் ஆற்றின் இரு கரைகளையும் உயர்த்திக் கட்டி, கரையோரத்தில் வீடுகளுக்குப் பதிலாகப் பூங்காக்களும் நடைபாதைகளும் அமைக்கச் சொன்னார். பூங்காவுக்குள் வெள்ளம் புகுந்தால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்பதே அதன் பொருள் என்று நான் கொள்கிறேன். இவற்றோடு கழிவுநீர்த் திட்டமும் சேர்ந்திருந்தது.

அவர் சொன்னபடியே மூசியில் உஸ்மான் சாகர் 1920-இலும், ஈசியில் இமாயத் சாகர் 1927-இலும் நிறைவெய்தின. இவ்விரண்டும் வெள்ளத் தடுப்பாக மட்டுமின்றி, ஐதராபாத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகளாகவும் விளங்கின.

காவிரியும் மைசூரும்

ஐதராபாத் பணி நடந்த அதே 1909-இல் மைசூர் அரசு விசுவேசுவரய்யாவைத் தலைமைப் பொறியாளராக அழைத்துக்கொண்டது. காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜசாகர் அணை வேலை 1911-இல் தொடங்கிற்று. சிமெண்டு எளிதில் கிடைக்காத அந்நாளில், செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கிக் காரையைக் கொண்டே அவ்வளவு பெரிய அணை எழுந்தது. கடக்வாசலாவில் கண்ட தானியங்கிக் கதவு முறை இங்கும் இடம் பெற்றது. அந்த அணை நமக்கும் நெருங்கிய தொடர்புடையது. மேலே தேக்கினால் கீழே தஞ்சை வயல்களுக்கு என்ன ஆகும் என்று சென்னை மாகாணம் எழுப்பிய வழக்கும் பேச்சும் 1924 ஒப்பந்தத்தில் வந்து நின்றன. மேட்டூர் அணையும் அதன் பிறகே எழுந்தது.

1912 முதல் 1918 வரை அவர் மைசூரின் திவானாகவும் இருந்தார். பத்ராவதி இரும்பாலை, மைசூர் பல்கலைக்கழகம், மைசூர் வங்கி என்று அவர் காலத்து முயற்சிகள் பல. ஆனால் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு அரசுப் பணியில் இடம் ஒதுக்கும் கொள்கையை அவர் ஏற்கவில்லை. மகாராஜாவுடன் ஏற்பட்ட அக்கருத்து வேறுபாட்டால் பதவியிலிருந்து விலகினார். இந்த ஒன்றில் நான் அவரோடு உடன்படவில்லை. நம் கல்லூரியில் பயிலும் பலரும் உடன்படமாட்டார்கள். சிற்றூரிலிருந்து வந்து, உதவித்தொகையின் துணையால் உயர்ந்தவர் அவர். வாசல் வரை வரவே வழியில்லாதவர்களின் நிலையை அவர் இன்னும் பரிவோடு எண்ணியிருக்கலாம். பெரியோரின் வரலாற்றை எழுதும்போது இத்தகைய செய்திகளை மறைப்பது முறையாகாது.

1955-இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கியது.

1961 ஜூலை 12

விசுவேசுவரய்யா பெங்களூரில் தம் இறுதிக் காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். அப்போது கடக்வாசலாவுக்கு மேலே, அம்பி ஆற்றில் பான்ஷெட் என்ற புதிய மண் அணை எழுந்துகொண்டிருந்தது. அணையின் அடியில் நீரை வெளியேற்றும் குழாய் அமைப்பின் வேலை முழுமை பெறாத நிலையிலேயே 1961-ஆம் ஆண்டின் பருவமழை வந்துவிட்டது. நீர் ஏறிற்று, அணை அமிழத் தொடங்கிற்று. படைவீரர்கள் இரவு முழுதும் மணல் மூட்டைகளை அடுக்கிப் போராடினர். ஜூலை 12-ஆம் நாள் காலையில் பான்ஷெட் உடைந்தது.

அதன் நீர் அனைத்தும் கீழேயிருந்த கடக்வாசலாவின் மேல் வந்து விழுந்தது. விசுவேசுவரய்யா 58 ஆண்டுகளுக்கு முன் கதவு பொருத்திய அதே அணை அது. எண்பது ஆண்டுகளாக எத்தனையோ பருவமழைகளைத் தாங்கி நின்ற அணை, சில மணி நேரம் தாக்குப் பிடித்தது. பிறகு அதுவும் உடைந்தது. பூனா நகரத்தின் ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. பகற்பொழுதில் வெள்ளம் வந்ததால்தான் எண்ணற்ற உயிர்கள் தப்பின. இரவெல்லாம் மூட்டை சுமந்த வீரர்களும், சில மணி நேரம் தாங்கி நின்ற அந்தப் பழைய அணையும் சேர்ந்து தந்த அவகாசம் அது.

கடக்வாசலாவின் கட்டுமானத்தில் குறை என்று சொல்வதற்கில்லை. அதன் கலங்கலும் கதவும் ஆற்று வெள்ளத்துக்காகக் கணக்கிட்டவை. தலைக்கு மேலே இன்னோர் அணை முளைக்கும், அது ஒருநாள் முழுவதுமாக இடிந்து வந்து விழும் என்று 1903-இல் யார் கணக்கிட முடியும்? அந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டியவர்கள் மேலே புதிதாகக் கட்டியவர்கள். மூசியின் 221 ஏரிகள் 1909-இல் சொன்ன அதே பாடத்தை, அதைக் கண்டறிந்தவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் கைபட்ட அணையே மறுபடி சொல்லவேண்டி வந்தது. இதைவிடத் துயரமான ஒன்றை அவர் வரலாற்றில் நான் காணவில்லை.

அடுத்த ஆண்டு, 1962 ஏப்ரலில், நூறு வயதைக் கடந்த நிலையில் அவர் மறைந்தார்.

இன்றும் அதே கேள்வி

பாடம் அத்துடன் முடியவில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு அடையாற்றில் வந்த வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீர் மட்டுமா இருந்தது? சுற்றியுள்ள பல ஏரிகளின் உபரியும் உடைப்பும் அதோடு சேர்ந்தே சென்னையை மூழ்கடித்தன. 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் என்னும் பனிப்பாறை ஏரி உடைந்து, கீழே சுங்தாங்கிலிருந்த டீஸ்தா நீர்மின் திட்ட அணையை அடித்துச் சென்றது. 1,200 மெகாவாட் மின்சாரத்துக்காக எழுப்பிய அணை ஓர் இரவில் இல்லாமற்போயிற்று. அங்கும் மேலே இருந்ததுதான் கீழே இருந்ததை அழித்தது.

ஐதராபாத்திலும் கவலை உண்டு. உஸ்மான் சாகர், இமாயத் சாகர் ஏரிகளின் நீர்ப்பிடிப்பைக் காக்க, அவற்றைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு விதித்து 1996-இல் ஆணை பிறந்தது. 2022-இல் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. வெள்ளம் வராத ஆண்டுகள் கூடக் கூட, வெள்ளத்துக்காக விட்டு வைத்த இடம் காலி மனையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. உடையாத அணையைப் பற்றி முதலில் சொன்னேன் அல்லவா? காத்து நின்ற ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்வதாலேயே, அது தேவையில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஆறுதலான செய்தியும் இருக்கிறது. 2021-இல் இயற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம், பெரிய அணைகளை ஒழுங்காகச் சோதிக்கவும், உடைப்பு நேர்ந்தால் செய்யவேண்டியவற்றை முன்கூட்டியே திட்டமிடவும் வகை செய்கிறது. ஆனால் சட்டம் பெரிய அணைகளைப் பார்க்கும். ஊர் ஏரிகளை யார் பார்ப்பது? தமிழ்நாட்டு ஏரிகளும் கண்மாய்களும் பெரும்பாலும் சங்கிலித் தொடராகவே அமைந்தவை. ஒரு கலங்கலை அடைத்து வீடு கட்டினால், ஒரு வாய்க்காலைத் தூர்த்துச் சாலை போட்டால், அதன் விலையைக் கொடுப்பது அந்த ஊர் மட்டுமன்று, கீழேயுள்ள ஊர்களும்தாம்.

நண்பர்களே! நம்மில் பொறியாளர் ஆகப்போகிறவர்கள் மிகச் சிலர். கிராம நிர்வாக அலுவலராக, ஊராட்சி எழுத்தராக, வட்டாட்சியராக, ஆசிரியராகப் போகிறவர்கள் பலர். ஒரு மனைக்கு அனுமதி கேட்டோ, ஒரு புறம்போக்கை மாற்றக் கோரியோ நம் மேசைக்கு ஒருநாள் தாள் வரும். அதில் கையெழுத்திடுமுன், இதற்கு மேலே என்ன இருக்கிறது, கீழே யார் இருக்கிறார்கள் என்று வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்போம். மூசிக் கரையில் நின்று, நகரத்தைப் பாராமல் ஆற்றின் மேற்புறத்தைப் பார்த்த அந்த மனிதருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுவே.